சுருக்கி எழுதுகிறோம்... காதில் என்ன விழுகிறது?

"மதிமுக வேட்பாளர் மனு தாக்கல் செய்தார்." தேர்தல் காலத்தில் எந்தச் செய்தித் தளத்தைத் திறந்தாலும் கண்ணில் படுகிற மாதிரியான வரி. கண்ணால் படிப்பவருக்கு இதில் ஒரு தடங்கலும் இல்லை. முதல் சொல்லைப் பார்த்ததுமே மறுமலர்ச்சி திராவிட முன்னேற்றக் கழகம் என்று மனசுக்குள் விரிந்துவிடும். இதே வரியைக் கைபேசியில் ஒரு தமிழ்க் குரல் வாசிக்கக் கேட்டால் கதை வேறு. சொல்லின் நடுவே வருகிற ககரம் தமிழில் மெலிந்து ஒலிக்கும். 'கடல்' என்பதில் வரும் க வேறு, 'முகம்' என்பதில் வரும் க வேறு. புள்ளி இல்லாமல் சேர்த்து எழுதிய நான்கு எழுத்தையும் பல குரல்கள் ஒரே சொல்லாக எடுத்துக்கொண்டு, கடைசிக் ககரத்தை விதிப்படி மெலித்துவிடுகின்றன. கேட்பவருக்கு வந்து சேர்வது, மதி போன்ற முகம் கொண்ட ஒரு வேட்பாளர்.

'எம்பிக்கள்' என்ற சொல்லையும் கேட்டுப் பாருங்கள். மகர மெய்க்குப் பின்னால் வரும் பகரம் தம்பி, கம்பி என்பவற்றில் அதிர்ந்துதான் ஒலிக்கிறது. அந்த விதியின்படி நாடாளுமன்ற உறுப்பினர், 'எம்பிக் குதித்தான்' என்பதில் வரும் எம்பி ஆகிவிடுகிறார். மெகாபைட்டையும் நாம் எம்பி என்றே எழுதுகிறோம். அதை மட்டும் குரல் சரியாகச் சொல்லிவிடும், அங்கே தேவைப்படுவதே அதிரும் ஒலி என்பதால்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். இவர்களில் மாணவர்கள், ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், வழக்கறிஞர்கள், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் எனப் பலரும் தினமும் இணையத்தைக் காதால்தான் படிக்கிறார்கள். கண்ணுக்காக நாம் சுருக்கிய ஒவ்வொரு சொல்லும் அவர்கள் காதில் என்னவாக விழுகிறது என்று எழுதுகிறவர்கள் யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

பேசுவது யார்?

திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளை ஸ்கிரீன் ரீடர் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே நடப்பது இரண்டு வேலை. திரையில் இருக்கிற எழுத்தை எடுத்துத் தருவது ஒன்று. அதை ஒலியாக்கிப் பேசுவது மற்றொன்று. கணினியில் ஜாஸ், என்.வி.டி.ஏ., ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் எல்லாம் எடுத்துத் தருகிறவை. 1989-ல் வந்த ஜாஸை உருவாக்கிய அமெரிக்கர் டெட் ஹென்டர், மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து விபத்தில் பார்வை இழந்தவர். இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ.வை 2006-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய மைக்கேல் கரனும் பார்வையற்றவர். தேவைப்பட்டவர்களே உட்கார்ந்து எழுதிய மென்பொருள்கள் இவை.

பேசுகிற வேலை குரல் பொறியுடையது. ஜொனாதன் டடிங்டன் எழுதிய ஈஸ்பீக், தமிழ் உட்படப் பல மொழிகளைப் பேசும். இயந்திரத்தனமான குரல்தான். ஆனாலும் வேகத்தைக் கூட்டினால் தெளிவு குறையாது என்பதால் பலர் அதை விடுவதில்லை. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் தரும் தமிழ்க் குரலுக்கு வள்ளுவர் என்று பெயர். சுருக்கத்தை எப்படிச் சொல்வது என்ற முடிவு பெரும்பாலும் இந்தக் குரல் பொறியின் கையில்தான் இருக்கிறது. அதனால் ஒரே பக்கத்தை இரண்டு கருவிகள் இரண்டு விதமாக வாசிக்கும்.

ஆங்கிலத்தில் இந்த முடிவை எடுக்கப் பொறிக்குச் சில துப்புகள் உண்டு. முதலில் தன்னிடம் உள்ள பட்டியலைப் பார்க்கும். பட்டியலில் இல்லையென்றால் எழுத்துகள் அமைந்திருக்கும் விதத்தைப் பார்க்கும். நாசா, யுனெஸ்கோ போன்றவற்றில் உயிரெழுத்துகள் இடையிடையே இருப்பதால் ஒரு சொல்லாகச் சொல்லிவிடலாம். எச்.டி.எம்.எல். என்பதில் உயிரெழுத்தே இல்லை, எனவே எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். எல்லாம் பெரிய எழுத்தாக இருந்தால் அது சுருக்கமாக இருக்கலாம் என்று ஊகிக்கும். இந்த ஊகம் தவறிப்போவதும் உண்டு. அழகுக்காகப் பெரிய எழுத்துகளில் 'கான்டாக்ட் அஸ்' என்று பொத்தானில் எழுதினால், கடைசிச் சொல்லை அமெரிக்கா என்று நினைத்து 'யு.எஸ்.' என்று சொன்ன குரல்கள் உண்டு. 'ஆட்' என்ற பொத்தானை 'ஏ டி டி' என்று சொன்னவையும் உண்டு.

தமிழுக்கு அந்தத் துப்புகள்கூட இல்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் நம்மிடம் கிடையாது. தி, மு, க என்று ஒவ்வோர் எழுத்திலும் உயிர் கலந்திருப்பதால், எந்த எழுத்துகளைச் சேர்த்து வைத்தாலும் அது வாயில் வரக்கூடிய சொல்லாகவே இருக்கும். சுருக்கம் என்று காட்டிக்கொடுக்க மிச்சம் இருந்தது புள்ளி ஒன்றுதான். அந்தப் புள்ளியையும் இணையத் தமிழ் கைவிட்டு வருகிறது. தலைப்பு நீளக்கூடாது, ஹேஷ்டேக்கில் புள்ளி நிற்காது, தேடினால் கிடைக்க வேண்டும் என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. திமுக, அதிமுக, பாமக, தேமுதிக, விசிக, தவெக என எல்லாமே ஒட்டிப் பிறந்த சொற்கள் மாதிரி ஆகிவிட்டன.

புள்ளி வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. நிறுத்தக்குறிகளை எவ்வளவு வாசிக்க வேண்டும் என்று பயனர் வைத்திருக்கும் அளவைப் பொறுத்து, தி.மு.க. என்பது 'தி டாட் மு டாட் க' என்றும் வரலாம். சில குரல்கள் புள்ளியை வாக்கிய முடிவாக நினைத்து ஒவ்வோர் எழுத்துக்கும் மூச்சு விட்டு நிற்கும். இதைவிடக் கவலையானது ரூ.50 போன்ற எழுத்துமுறை. எண்ணை ஒட்டிப் புள்ளி வரும்போது அதைத் தசமப் புள்ளியாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. கட்டணம், அபராதம், கடன் தவணை ஆகியவற்றைக் காதால் கேட்டு முடிவெடுக்கும் ஒருவருக்கு இது உச்சரிப்பு சம்பந்தப்பட்ட குறை மட்டும் அல்ல, பணம் சம்பந்தப்பட்ட ஆபத்து.

ஒரே எழுத்து, இரண்டு ஒலி

பா.ஜ.க.வும் பா.ம.க.வும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. ஒன்று பாரதிய, மற்றது பாட்டாளி. நாம் பேசும்போது முதலாவதை அதிரும் ஒலியாகவும் இரண்டாவதை அழுத்தமான பகரமாகவும் சொல்கிறோம். எழுத்தில் இந்த வேறுபாடு இல்லை. முழுப்பெயர் தெரிந்தவர்தான் சரியாக உச்சரிக்க முடியும். இயந்திரத்துக்கு முழுப்பெயர் தெரியாது. சி.பி.ஐ. என்று எழுதினால் அது புலனாய்வு அமைப்பா, கம்யூனிஸ்ட் கட்சியா என்பது கண்ணால் படிப்பவருக்கே சில சமயம் குழப்பம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் நடு எழுத்து வேறு, தமிழில் வந்ததும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

இதற்கெல்லாம் மேலே, தமிழுக்கே உரிய ஒரு முடிச்சு இருக்கிறது. நாம் சுருக்கத்தைச் சுருக்கமாக மட்டும் விடுவதில்லை, வேற்றுமை உருபையும் பன்மை விகுதியையும் அதன் வாலில் கட்டிவிடுகிறோம். தி.மு.க.வின், சி.பி.ஐ.க்கு, எம்.எல்.ஏ.க்கள். சில நாளிதழ்கள் இன்னும் ஒரு படி போய், புள்ளிக்குப் பிறகு காற்புள்ளியும் வைத்து 'எம்.எல்.ஏ.,க்கள்' என்று எழுதுகின்றன. அச்சில் பல ஆண்டுகளாகப் பழகிய முறை என்பதால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். குரல் பொறியோ காற்புள்ளியைப் பார்த்ததும் நிற்கும். 'எம் எல் ஏ' என்று சொல்லி, மூச்சு விட்டு, அதன் பிறகு 'க்கள்' என்று தனியாகச் சொல்லும். தமிழில் எந்தச் சொல்லும் க் என்ற மெய்யில் தொடங்குவதில்லை. தொடங்க முடியாத ஒன்றைத் தொடங்க முயலும் அந்தக் குரலைக் கேட்டவர்களுக்கு அதன் சங்கடம் தெரியும். 'ரூ.500க்கு' என்பதிலும் இதே கதிதான், 'ஐந்நூறு' ஒரு பக்கம், 'க்கு' ஒரு பக்கம்.

நாலாவது வரிசையில் இருப்பது என்ன?

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர், சிறு வயதில் பார்வை இழந்தவர், மடிக்கணினியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வேகத்தில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"சார், இந்த வேகத்துல சுருக்கம் எல்லாம் எப்படிப் புரியுது?" என்று கேட்டேன்.

"கட்சிப் பேரெல்லாம் பழகிப்போச்சு சார். தப்பாச் சொன்னாலும் எதைச் சொல்லுதுன்னு தெரிஞ்சிடும். புதுசா ஒரு திட்டம், ஒரு தேர்வு, ஒரு துறையோட பேரு சுருக்கமா வந்தாத்தான் மாட்டிக்குவேன். நிறுத்தி, எழுத்தெழுத்தா அம்புக்குறி விசையைத் தட்டித் தட்டிக் கேட்கணும். கேட்டாலும் எழுத்துதான் தெரியும், அர்த்தம் தெரியாதே" என்றார்.

அவருடைய என்.வி.டி.ஏ.வில் இருக்கும் பேச்சு அகராதியைத் திறந்து காட்டினார். தவறாக ஒலிக்கும் சொல்லை ஓர் இடத்தில் எழுதி, எப்படிச் சொல்ல வேண்டும் என்பதைப் பக்கத்தில் எழுதிவைக்கும் வசதி அது. 'மதிமுக' என்பதற்கு எதிரே, நான்கு எழுத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டு 'ம தி மு க' என்று எழுதியிருந்தார். இடைவெளி விழுந்ததும் ககரம் சொல்லின் முதலெழுத்தாகி, வல்லொலி திரும்பி வந்துவிடுகிறது. இப்படி அவராகச் சேர்த்த சொற்கள் நீண்ட வரிசையாகப் போயின. இதே வேலையை இதே சொற்களுக்கு இன்னும் எத்தனை பேர் தங்கள் வீட்டில் தனித்தனியாக உட்கார்ந்து செய்கிறார்களோ!

பிறகு வேலைவாய்ப்பு அறிவிப்பு ஒன்றைத் திறந்தார். காலிப் பணியிடங்களின் அட்டவணை. தலைப்பு வரிசையில் பி.வ., மி.பி.வ., ப.ப. என்று கட்டங்கள். எந்தச் சுருக்கத்துக்கு என்ன விரிவு என்ற விளக்கம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. கண் இருப்பவர் ஒருமுறை கீழே பார்த்துவிட்டு மேலே வந்துவிடுவார். காதால் படிப்பவர் அட்டவணை முழுவதையும் கட்டம் கட்டமாகக் கேட்டு முடித்த பிறகுதான் அந்த விளக்கத்துக்கு வந்து சேர்கிறார். அதற்குள் நாலாவது வரிசையில் கேட்ட எண் எந்தப் பிரிவுக்கு உரியது என்பது போயே போய்விட்டது. மறுபடி மேலே போய் முதலிலிருந்து கேட்க வேண்டும். அவர் அன்று அப்படித்தான் கேட்டார். அந்தப் பிரிவுகளில் ஒன்றில் விண்ணப்பிக்கப் போகிற மாணவர் ஒருவருக்காக.

வழி இருந்தது, வந்து சேரவில்லை

வலைப்பக்கங்களை எழுதும் எச்.டி.எம்.எல். மொழியில், 'இது சுருக்கம், இதன் விரிவு இது' என்று குறிக்கத் தனிக் குறிச்சொல் 1997-லேயே வந்துவிட்டது. எழுத்தெழுத்தாகச் சொல்லும் சுருக்கத்துக்கு ஒன்று, சொல்லாகச் சொல்லும் சுருக்கத்துக்கு ஒன்று என இரண்டு வைத்தார்கள். எதற்கு எது என்பதில் கடைசிவரை தெளிவு பிறக்கவில்லை. அன்று பெரும்பாலானோர் பயன்படுத்திய இன்டர்நெட் எக்ஸ்புளோரர், முதல் குறிச்சொல்லை 2006-ல் வந்த ஏழாம் பதிப்பில்தான் அடையாளம் கண்டது. இரண்டாவது குறிச்சொல்லை எச்.டி.எம்.எல். 5 கைவிட்டுவிட்டது. மிஞ்சிய முதல் குறிச்சொல்லில் விரிவை எழுதினாலும், சுட்டியைக் கொண்டுபோய் மேலே நிறுத்தினால்தான் அது தெரியும். விரலால் தொடும் கைபேசியில் அதற்கு வழியில்லை. ஜாஸில் விரிவை வாசிக்கும் அமைப்பு இருக்கிறது, ஆனால் நாமாகத் தேடிப் போய் இயக்க வேண்டும்.

'இதை எழுத்தெழுத்தாகச் சொல்' என்று பக்கத்தின் வடிவமைப்பிலேயே எழுதும் வசதி 1998-ல் வந்த தரத்தில் இருந்தது. பேச்சுப் பொறிகளுக்கு உச்சரிப்பைக் கற்றுத்தரும் தனிக் குறிமொழி ஒன்றை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2004-ல் வெளியிட்டது. குரல் உதவியாளர்களும் தொலைபேசிச் சேவைகளும் அதைப் பயன்படுத்துகின்றன. நாம் திறக்கும் சாதாரண வலைப்பக்கத்துக்கும் அதை வாசிக்கும் ஸ்கிரீன் ரீடருக்கும் நடுவே அந்தப் பாலம் இன்னும் போடப்படவில்லை.

சரி, குறிச்சொல்லின் விரிவை எல்லாக் கருவிகளும் வாசிக்கத் தொடங்கிவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். தமிழில் என்ன ஆகும்? 'தி.மு.க.' என்ற பகுதியை மட்டும் குறிச்சொல்லுக்குள் வைத்து, 'வின்' என்பதை வெளியே விட்டால், காதில் விழுவது 'திராவிட முன்னேற்றக் கழகம் வின்'. 'கழகத்தின்' என்று மாற்ற அதற்குத் தெரியாது. உருபு ஏறும்போது சொல்லின் ஈறு மாறும் மொழிகளை மனதில் வைத்து அந்தக் குறிச்சொல் செய்யப்படவில்லை. தமிழுக்கான தீர்வு தமிழில் எழுதுகிறவர்களிடமிருந்துதான் வர வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இது.

குறுக்கு வழிகளும் புழக்கத்தில் இருக்கின்றன. திரையில் ஒன்றைக் காட்டி, ஸ்கிரீன் ரீடருக்கு மட்டும் வேறு எழுத்தைக் கொடுப்பது அவற்றில் ஒன்று. அதை நான் ஆதரிக்க மாட்டேன். அதே கருவியிலிருந்து பிரெயில் திரையில் விரலால் தடவிப் படிப்பவர்களும் இருக்கிறார்கள், காது கேளாமையும் சேர்ந்தவர்களுக்கு அது ஒன்றே வழி. ஒலி சரியாக வரட்டும் என்று எழுத்தை உடைத்துக் கொடுத்தால் அவர்கள் விரலில் படுவது பிழையான எழுத்து.

மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்துவதற்கான உலக நெறிமுறை முதலில் வந்தது 1999-ல். சுருக்கத்தின் விரிவை முதல் இடத்திலேயே தர வேண்டும் என்று அப்போதே அதில் எழுதியிருந்தார்கள், மூன்றாம் நிலை முன்னுரிமையோடு. 2008-ல் புதுப்பித்தபோதும் அது கடைசிப் படியிலேயே நின்றது. இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. அரசுத் தளங்களுக்கான இந்திய வழிகாட்டு நெறிகள் இரண்டாம் படி வரைதான் கேட்கின்றன. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக்கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இணையச் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-ம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சுருக்கத்தை விரித்து எழுதச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அது கடைசிப் படியில் இருக்கிறது.

பழைய தமிழிலும் சுருக்கக் குறிகள் ஏராளம். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ என்று பத்திரங்களிலும் கணக்கேடுகளிலும் எழுதினோம். 2003-ல் இவை யூனிகோடிலும் இடம்பெற்றன. பழைய பத்திரத்தையோ கல்யாணப் பத்திரிகையையோ அப்படியே தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினால், இந்தக் குறிகள் குரல் பொறியின் பட்டியலில் இல்லாத இடத்தில் சத்தமே இல்லாமல் காணாமல் போகும். பட்டியலில் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. ஈஸ்பீக்கில் தமிழுக்கென்று ஒரு விதிக் கோப்பும் ஒரு சொற்பட்டியலும் இருக்கின்றன, இரண்டும் யாரும் திறந்து பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடியவை. கட்சிப் பெயர்கள், அளவைகள், தேர்வுப் பெயர்கள், இந்தப் பழங்குறிகள் எல்லாம் சேர்ந்த ஒரு பட்டியலைத் தமிழ் தெரிந்த நிரலாளர்கள் சிலர் உட்கார்ந்து செய்து கொடுத்தால், அந்த ஆசிரியர் தன் கையால் சேர்த்த வரிசை ஒவ்வொருவருக்கும் தானாகக் கிடைக்கும்.

அதற்குக் காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. செய்தித் தளங்களின் ஆசிரியர் குழுக்களுக்கும் அரசு அறிவிப்புகளைத் தட்டச்சு செய்பவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். 'ரூ.500' என்பதை '500 ரூபாய்' என்று எழுதுங்கள். 'கி.மீ.' என்பதைக் 'கிலோமீட்டர்' என்று எழுதினால் இணையத்தில் காகிதம் ஒன்றும் கூடுதலாகச் செலவாகாது. கட்சியோ திட்டமோ, முதல் முறை வரும்போது முழுப்பெயரையும் எழுதிப் பக்கத்திலேயே சுருக்கத்தைத் தாருங்கள். அடுத்த முறையிலிருந்து சுருக்கம் போதும், புள்ளியோடு. அந்தப் புள்ளிக்குப் பின் காற்புள்ளி வேண்டாம். அட்டவணையின் விளக்கம் அட்டவணைக்கு மேலே வரட்டும். இன்னொன்று, எல்லாவற்றுக்கும் அடிப்படை: இந்தப் பக்கம் தமிழில் இருக்கிறது என்று நிரலில் அறிவியுங்கள். உள்ளே முழுக்கத் தமிழ் இருந்தும் மொழி ஆங்கிலம் என்று பதிந்த பக்கங்கள் இருக்கின்றன. அவற்றை ஆங்கிலக் குரல் வாசிக்க வந்து, தமிழ் எழுத்தைத் தெரியாமல் தாண்டிப் போய்விடும். உலக நெறிமுறையில் இது முதல் படி. இதற்கு விலக்கே கிடையாது.

எழுதுகிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பக்கத்தை ஒருமுறையாவது கேட்க வேண்டும். என்.வி.டி.ஏ.வை எந்த விண்டோஸ் கணினியிலும் காசில்லாமல் நிறுவலாம். ஆண்ட்ராய்டு கைபேசியில் அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை என்ற பகுதியில் 'செலக்ட் டு ஸ்பீக்' இருக்கிறது. அதை இயக்கி, நேற்று நீங்கள் ஏற்றிய செய்தியைத் திறந்து, திரையைப் பார்க்காமல் கேளுங்கள். எந்தச் சொல்லில் உங்களுக்கே புரியாமல் நிற்கிறதோ, அந்தச் சொல்லை விரித்து எழுதி இன்றைக்கே மறுபடி ஏற்றிவிடுங்கள்.